வண்டியில் வட்டக் கீறல்: பட்டறை ரப்பிங்கா, சொந்த மெஷினா, ஸ்டுடியோவா?

புது வண்டி எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. போர்ட்டிகோ நிழலில் நிற்கும்போது எந்தக் குறையும் தெரியாது. உச்சி வெயிலில் பானெட்டைப் பார்த்தால் வெளிச்சம் விழுகிற இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னிய மாதிரி மெல்லிய கோடுகள். கறுப்பு, கருநீலம், மெரூன் என்றால் கேட்கவே வேண்டாம்.

உடனே நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். பெயிண்டிங் பட்டறைக்காரர் “ஒரு ரப்பிங் போட்டா போயிரும்” என்பார், அதாவது மெஷினில் தேய்த்துப் பாலிஷ் போடுவது. வண்டியின் பளபளப்பைச் சீர்செய்கிற டீடெய்லிங் ஸ்டுடியோவில், செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சோடு சேர்த்து ஒரு பெரிய தொகை சொல்வார்கள். மச்சினன், ஆன்லைனில் மெஷின் வாங்கி நாமே போட்டுவிடலாம் என்பான். வீட்டிலோ, “ஓடுற வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு?” இந்த நாலில் எதுவும் முழுத் தப்பு இல்லை, எந்த வண்டிக்கு எது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

## கோடு எங்கே இருக்கிறது

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு: கிளியர் கோட். கம்பெனி பெயிண்டில் தகட்டிலிருந்து மேல்வரை எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் பார்க்கிற வட்டக் கீறல்கள் எல்லாம் இந்தக் கிளியர் கோட்டின் மேல்மட்டத்தில் கிடக்கின்றன. அவை வட்டமானவைகூட அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாக விழுந்த சின்னச் சின்னக் கோடுகள். வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது.

பாலிஷ் போடுவது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவது. கோடு தானாக மூடிக்கொள்வதில்லை. அக்கம்பக்கம் தாழ்ந்து போகிறது. தேய்ந்த கிளியர் கோட் திரும்ப வராது. வெயிலைத் தாங்குகிற சேர்மானம் அதில்தான் இருக்கிறது. மெலிந்துபோனால் கூரையும் பானெட்டும் முதலில் வெளுக்கும், பிறகு தோல் உரியும். நம் வெயிலுக்கு அது சீக்கிரமே நடக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு தனிக் கெடுதலும் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் மட்டும் கிடைப்பதில்லை. கார்னெட்டும் சிர்கானும் கலந்திருக்கின்றன. கார்னெட் என்பது மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாளில் ஒட்டுகிற அதே பொருள். முட்டம், குளச்சல், மண்டைக்காடு பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, காற்று கொண்டுவந்து போட்ட மணலைக் காய்ந்த துணியால் தட்டித் துடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையை விட்டு உள்ளே வந்தாலும் தப்ப முடியாது. களியக்காவிளை ரோட்டில் ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிப் போகிற லாரிகளுக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டினால் கண்ணாடியில் படிகிற சாம்பல் நிறத் தூள், பொடித்த பாறை. அதில் இருக்கிற குவார்ட்ஸும் கார்னெட்டுக்குச் சளைத்தது அல்ல.

ஒரு சின்னச் சோதனை: கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் போகிற கீறல் இல்லை. முழுசாக எடுக்கப் போனால் கிளியர் கோட்டே போய்விடும். அதை விட்டுவிட்டு, நகத்துக்குத் தட்டாத கோடுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, கோடு போகிறதா, மறைகிறதா? இரண்டும் ஒரே மாதிரி தெரியும், இரண்டு மூன்று வாஷ் வரைக்கும்.

இரண்டாவது, எவ்வளவு பூச்சு போகும்? மென்மையான பாலிஷில் ஒன்றிரண்டு மைக்ரான் போவது பெரிய விஷயமில்லை. வருடா வருடம் தீபாவளிக்கு ஒரு ரப்பிங் என்று பழகினால்தான் கணக்கு இடிக்கும்.

மூன்றாவது, கை தவறினால் என்ன ஆகும்? கோடு கொஞ்சம் மிச்சம் நிற்பது ஒரு வகைத் தவறு. கதவு ஓரத்தில் பெயிண்ட் எரிந்து அடிப்பூச்சான பிரைமர் தெரிவது வேறு வகை.

நான்காவது, மொத்தச் செலவு. போர்டில் எழுதியிருக்கிற தொகை மட்டும் செலவு அல்ல.

ஐந்தாவது, இடமும் பருவமும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் என்றால் மே முதல் செப்டம்பர் வரை காற்று வேறு. மெஷினில் மாட்டித் தேய்க்கிற பேடுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஒரு மணல் துகள் வந்து மாட்டினால், எடுக்க வந்த கோட்டைவிடப் பெரிய கோட்டை மெஷினே போட்டுக் கொடுக்கும்.

## ஒன்று: விட்டுவிடுவது, அல்லது கையால் கிளேஸ் போட்டு மறைப்பது

மறைப்பதற்கென்றே கிளேஸ், வாக்ஸ், ‘ஆல் இன் ஒன்’ என்று பல பெயரில் பாட்டில்கள் இருக்கின்றன. எண்ணெயும் மெழுகும் கோட்டுக்குள் இறங்கி, வெளிச்சம் சிதறாமல் பார்த்துக்கொள்ளும். சுவர் வெடிப்பில் பட்டி பார்க்கிற அதே வேலை. பூச்சு தேயாது, செலவு சில நூறு ரூபாய், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று போதும். ஷாம்பூ வாஷ் நாலு கண்டால் கோடு பழையபடி எட்டிப் பார்க்கும்.

இதைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெள்ளை, சில்வர் வண்டிகளில் கோடு கண்ணுக்கே தெரியாது. அடுத்த வருடம் விற்கப்போகிற வண்டிக்கோ, தினமும் குலசேகரம் எஸ்டேட் ரோட்டில் செடி உரசிப் போகிற ஜீப்புக்கோ மைக்ரானைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே பலமுறை ரப்பிங் கண்ட பழைய வண்டிக்கும் இதுதான் பாதுகாப்பு.

கையாலேயே காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுக் கோட்டை எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கைப்பிடிக்குக் கீழே நகம் பட்ட கீறல், கதவுக் குழி என்று உள்ளங்கை அளவு இடம் என்றால் எடுக்கலாம். முழு பானெட் என்றால் தோள் வலிதான் மிச்சம். விரல் அழுத்தம் சமமாக விழாது, ஆகவே மினுக்கமும் திட்டுத்திட்டாக வரும்.

## இரண்டு: பட்டறையில் ரோட்டரி மெஷின்

வடசேரியிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வரைக்கும் எந்த டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையிலும் இருப்பது இதுதான். ஒரே அச்சில் நேராகச் சுற்றுகிற மெஷின். நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை போகும். அதில் கம்பளி பேட் மாட்டி, காம்பவுண்டைத் தடவி ஓட்டினால் கண்ணெதிரே கோடு போகும். வெட்டுகிற வேகத்தில் இதை மிஞ்ச மற்றவை மெனக்கெட வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனலில் தூசிக் குருணையை உப்புத்தாள் போட்டு எடுத்தபின், அந்தத் தாள் கோட்டைப் போக்க இன்றும் ரோட்டரிதான் முதலில் நினைவுக்கு வரும்.

பிரச்சினை வெப்பம். ஒரே அச்சில் சுற்றுவதால் ஒரே இடத்தில் உராய்வு சேரும். கதவு ஓரம், பானெட்டின் மடிப்புக்கோடு, ஃபெண்டர் வளைவு போன்ற இடங்களில் பூச்சு ஏற்கெனவே மெலிதாக இருக்கும். அங்கே இரண்டு விநாடி அதிகம் நின்றால் போதும், எரிந்துவிடும். பம்பர் பிளாஸ்டிக், தகடு மாதிரி சூட்டைக் கடத்திப் பரப்பாது. அதனால் இன்னும் சீக்கிரம் எரியும்.

கைதேர்ந்த பெயிண்டர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மெஷினைப் படுக்கவைத்தே ஓட்டுவார், ஓரம் வரும்போது தூக்கிவிடுவார். பேட் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கேற்ப, விளிம்பிலிருந்து வெளியே போகிற மாதிரி மட்டும் தொடுவார். நாலைந்து தடவை ஓட்டியதும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அப்படி ஒருவர் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும்: “அண்ணாச்சி, மினுக்கம் வேணுமா, கோடு போணுமா? ரெண்டும் வேற வேற வேல பாத்துக்கிடுங்க.” இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள். கேட்காமலே மெஷினை எடுக்கிறவரிடம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

அடுத்த தொல்லை ஹாலோகிராம். கம்பளி பேட் சுற்றிய தடமே, அலை அலையாக ஒரு மங்கல் பட்டையாக நிற்கும். வேலை முடிந்த சாயங்காலம் டியூப் லைட்டில் வண்டி ஜொலிக்கும். காம்பவுண்டின் எண்ணெய்ப்பசை தடத்தை நிரப்பி வைத்திருக்கும். இரண்டு வாஷ் போய், பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்க்கும்போதுதான் வட்டக் கோடு போய் வரிக்கோடு வந்திருப்பது தெரியும். அதை எடுக்க மறுபடியும் ஒரு பாலிஷ், மறுபடியும் மைக்ரான். பட்டறையில் வாங்குகிற காசு குறைவுதான், பெரும்பாலும் ஓரிரு ஆயிரத்தில் முடிந்துவிடும். இந்த இரண்டாம் பாலிஷ்தான் அதில் மறைந்திருக்கிற செலவு.

இன்னொன்று: பட்டறைக்குள் உப்புத்தாள் தூசு பறந்துகொண்டே இருக்கும். பக்கத்து வண்டிக்குப் பட்டி தேய்க்கிற நேரத்தில் உங்கள் வண்டிக்கு பாலிஷ் வேண்டாம்.

ரோட்டரிக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். கம்பளிக்குப் பிறகு மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் போடுவாரா? முழு வண்டிக்கும் முன்னால், பானெட்டில் இரண்டடிச் சதுரம் மட்டும் போட்டு, வெயிலில் இழுத்து நிறுத்திக் காட்டுவாரா?

## மூன்று: சொந்தமாக ஒரு டூயல் ஆக்‌ஷன் மெஷின்

மச்சினன் சொன்ன வழி. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. லாபமும் தொல்லையும் ஒன்றாக வருகிற வழி இது.

டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிற இந்த மெஷினில் பேட் தன்னையே சுற்றிக்கொள்ளும். கூடவே அச்சை விட்டு விலகி ஒரு சின்ன வட்டமும் அடிக்கும். அந்த விலகலை ‘த்ரோ’ என்பார்கள். 8 மில்லிமீட்டர், 15, 21 என்று வரும். ஒரு துகள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகாததால் சூடு ஒரு இடத்தில் சேராது, ஹாலோகிராமும் விழாது. அழுத்தம் கூடினாலோ வளைவில் பேட் சாய்ந்தாலோ சுற்று தானாக நின்று, வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். கோடு எடுக்க அது உதவாது. பழகுகிறவரின் பெயிண்டை எரியாமல் காப்பாற்றுவதும் அதுதான். கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்றவைக்கிற வகையும் உண்டு. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் 3401 அதில் பேர் பெற்றது. வளைவிலும் நிற்காது. அதன் வேகத்துக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். முதல் மெஷினாக நான் அதைச் சொல்லமாட்டேன்.

பேட் மாட்டுகிற பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. காசில்லாத இந்த வித்தை, நாலு வீடியோ பார்ப்பதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

இப்போது செலவு. ஆரம்பநிலை டி.ஏ. மெஷின் சுமார் 6,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இத்தாலியின் ரூபெஸ் போன்றவை அதைப்போல் பல மடங்கு. ஆனால் மெஷின் பாதிச் செலவுதான். வெட்டுகிற பேட் மூன்று நாலு, ஃபினிஷிங் பேட் மூன்று நாலு, காம்பவுண்ட், ஃபினிஷிங் பாலிஷ், நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் கட்டியான கிளே பார், இரும்புத் துகளைக் கரைக்கிற திரவம், மாஸ்கிங் டேப், கோடு காட்டுகிற எல்.இ.டி. லைட் எல்லாம் சேர்ந்தால் மெஷின் விலையை எட்டிப் பிடிக்கும். ஒரே ஒரு பேடை வைத்து முழு வண்டியையும் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தேய்ந்து வந்த பூச்சும் காய்ந்த காம்பவுண்டும் பேடில் அடைத்துக்கொண்டால் அதுவே கோடு போடும். சூடேறிய பேடின் பின்பக்க வெல்குரோ கழன்று பறப்பதும் உண்டு.

சந்தையில் டிரில்லிங் மெஷினில் மாட்டுகிற பஞ்சு செட் ஒன்று சில நூறு ரூபாய்க்கு வருகிறது. டிரில்லும் ஒரே அச்சில்தான் சுற்றும், அதாவது அதுவும் ஒரு ரோட்டரிதான், பிடிப்பு மட்டும் மோசம். ஹெட்லைட் மங்கலைத் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். பெயிண்டில் வேண்டாம்.

வேலையின் வரிசை இது. நன்றாகக் கழுவி, கிளே பார் போட்டு, உள்ளங்கைக்கு வழவழப்பாக வந்த பிறகே மெஷின். கடலோர வண்டி என்றால் கதவு இடுக்கிலும் நம்பர் பிளேட் சுற்றிலும் உப்பும் மணலும் பதுங்கியிருக்கும், அவற்றைத் தண்ணீர் பீய்ச்சி எடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், எம்பளம் எல்லாவற்றுக்கும் டேப். கறுப்புப் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் காம்பவுண்ட் ஏறி வெள்ளை பிடித்தால் பல் பிரஷ் வைத்துத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. பிறகு இரண்டடிச் சதுரம் ஒன்றில் சோதனை. மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள், கோடு போகாவிட்டால் மட்டும் ஒரு படி மேலே போங்கள். பேடில் பட்டாணி அளவு நாலைந்து சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷின் டயலில் வேகத்தை ஆறில் நாலு, ஐந்துக்கு ஏற்றி, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் நகர்த்துங்கள். ஒவ்வொரு ஓட்டும் முந்தைய ஓட்டின்மேல் பாதிக்குப் பாதி படியவேண்டும். நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

துடைத்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்து மறுபடி துடைத்துவிட்டுப் பாருங்கள். எண்ணெய்ப்பசை போனபின் தெரிவதுதான் நிஜம்.

பெயிண்ட் எல்லாம் ஒன்றில்லை. சில ஜப்பானிய வண்டிகளின் பெயிண்ட் மென்மையானது, சீக்கிரம் கோடு விழும், சீக்கிரம் போகும். ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் கெட்டி, மென்மையான பாலிஷுக்கு அசையாது. ஒரே வண்டியில் மறுபெயிண்ட் ஆன கதவு ஒரு மாதிரி, கம்பெனிக் கூரை ஒரு மாதிரி. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்த பேட் உங்களுக்குச் சரிவரும் என்று வாங்காதீர்கள். பழைய வண்டியில் பாலிஷ் போடும்போது துணியில் வண்டியின் நிறமே ஒட்டினால் அதற்குக் கிளியர் கோட்டே இல்லை, ஒற்றைப் பூச்சு. பாலிஷ் போடலாம், தேய்வது நிறமே என்ற நினைப்பு இருக்க வேண்டும். கிளியர் கோட் இருக்கிற வண்டியில் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள், எல்லை தாண்டியாயிற்று.

முதல் தடவை ஒரு ஹேட்ச்பேக்கை முடிக்க வார விடுமுறை இரண்டு நாளும் போகும். கூரை போட்ட இடம் வேண்டும். தகடு குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் பாலிஷ் உடனே காய்ந்து தூளாகப் பறக்கும். ஜனவரி, பிப்ரவரி இதற்கு வாகான மாதங்கள். ஒருவர் மட்டும் வாங்காமல், அண்ணன் தம்பி வீட்டில் மூன்று நாலு வண்டி இருக்கிற குடும்பம் சேர்ந்து வாங்கினால் முதல் சுற்றிலேயே காசு நேராகிவிடும். ஒரே ஒரு வண்டி, வருடத்துக்கு ஒரு நாள்கூட இதற்கென்று ஒதுங்காது என்றால் மெஷின் பரண்மேல்தான் போகும்.

## நான்கு: டீடெய்லிங் ஸ்டுடியோ

நாகர்கோவிலிலேயே இப்போது ஸ்டுடியோக்கள் வந்துவிட்டன. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கும் போகிறார்கள். நல்ல இடம் என்றால் நாலு வழியிலும் இதுதான் சுத்தமான வேலை. மூடிய அறை, நல்ல வெளிச்சம், பெயிண்ட் கனம் பார்க்கிற கேஜ், ஐந்தாறு வகை பேட், பழகிய கை. கோடு திருத்தும் வேலைக்கு மட்டும் சின்ன வண்டிக்கு ஏறக்குறைய 5,000 முதல் 10,000 வரை கேட்பார்கள். செராமிக் கோட்டிங் சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்கு. மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியை இரண்டு மூன்று நாள் விட்டுவர வேண்டும், அந்த நாட்களின் ஆட்டோக் காசும் இதில்தான் சேரும்.

என் சந்தேகமெல்லாம் பேக்கேஜ் மேல்தான். கோட்டிங் விற்பதில் காசு, கோடு எடுப்பதில் உழைப்பு. ஆகவே சில இடங்களில் பாலிஷ் என்பது பேருக்கு ஒரு ஓட்டு, பிறகு கோட்டிங். கோட்டிங் கீறலை எடுக்காது. அடியில் இருக்கிற கோட்டை அப்படியே மூடி, மேலே பளபளப்பும் தண்ணீர் ஓடுகிற வழவழப்பும் தரும். பிறகு அந்தக் கோட்டை எடுக்க வேண்டுமென்றால் கோட்டிங்கையும் சேர்த்துத்தான் தேய்க்க வேண்டும், கொடுத்த காசும் பேடில் போகும். ‘9எச் கடினம்’ என்ற விளம்பரத்தையும் அளந்து நம்புங்கள். அது பென்சில் கீறல் சோதனையின் அளவு. கார்னெட் மணலைத் துணியில் வைத்துத் தேய்த்தால் 9எச் ஒன்றும் செய்யாது. கோட்டிங்கின் உண்மையான லாபம், அழுக்கு சுலபமாகக் கழன்று வருவதால் அழுத்தித் தேய்க்க வேண்டிய தேவை குறைவது. கடலோரத்து உப்புக்கும் பறவை எச்சத்துக்கும் துடைக்கக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடு போய்விடும் என்று நினைத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

வண்டியை விடுமுன் கேட்க வேண்டியவை: பேனல் வாரியாகக் கேஜ் அளவு எழுதித் தருவீர்களா? பாலிஷ் ஒரு கட்டமா, இரண்டு கட்டமா? கோட்டிங் போடுமுன் ஆல்கஹாலில் துடைத்து வெறும் பெயிண்டை எனக்குக் காட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது. கோட்டிங் வாரண்டி நிற்க, வருடா வருடம் அங்கேயே காசு கொடுத்துப் பராமரிப்பு வாஷ் எடுக்கவேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அதையும் மொத்தக் கணக்கில் கூட்டுங்கள்.

கேஜ் பற்றி ஒரு வார்த்தை. அது தகட்டுக்கு மேலே உள்ள எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் காட்டும், கிளியர் கோட்டை மட்டும் பிரித்துச் சொல்லாது. 300 காட்டினால் நிறைய பூச்சு இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த பேனல் மறுபெயிண்ட் அடித்தது, அடியில் பட்டியும் இருக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் இது நல்ல தகவல். சாதாரணக் கேஜுகள் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிளேஸ் / கை | பட்டறை ரோட்டரி | சொந்த டி.ஏ. | ஸ்டுடியோ |
|---|---|---|---|---|
| கோடு | மறையும் | போகும், ஹாலோகிராம் வரலாம் | பெரும்பாலும் போகும் | போகும், பாலிஷ் ஒழுங்காக நடந்தால் |
| தேய்வு | இல்லை | அதிகம் | குறைவு | குறைவு, அளந்து செய்வார்கள் |
| தவறினால் | ஒன்றுமில்லை | ஓரம் எரியும் | கோடு மிச்சம் நிற்கும் | பொறுப்பு அவர்களுடையது, எழுதி வாங்கியிருந்தால் |
| முதல் செலவு | சில நூறு | ஓரிரு ஆயிரம் | 12,000 முதல் 20,000 | 5,000க்கு மேல்; கோட்டிங்கோடு பல மடங்கு |
| மறைந்த செலவு | அடிக்கடி போட வேண்டும் | இரண்டாம் பாலிஷ் | பேட், துணி, உங்கள் ஞாயிறு | பராமரிப்பு வாஷ், வரி, வண்டியில்லா நாட்கள் |
| நேரம் | ஒரு காலை | அரை நாள் | இரண்டு நாள் | இரண்டு மூன்று நாள் |

## எந்த வண்டிக்கு எது

கறுப்பு அல்லது அடர்நிற வண்டி, மூன்று வருடத்துக்குள், இன்னும் நிறைய நாள் வைத்திருக்கப் போகிறீர்கள், ரப்பிங் கண்டதில்லை என்றால்: ஸ்டுடியோவில் கோடு திருத்தம் மட்டும், ஒரு கட்டம். நூற்றுக்கு நூறு கேட்காதீர்கள். எண்பது சதவீதம் போனால் நாலடி தள்ளி நின்று பார்க்கிற யாருக்கும் தெரியாது. மீதி இருபதுக்காக இன்னொரு கட்டம் வெட்டுவது, பின்னால் ஒரு தடவை பாலிஷ் போடுவதற்கான பூச்சை இப்போதே எடுத்துவிடுவது.

கையில் வேலை பிடிக்கும், வீட்டில் இரண்டு மூன்று வண்டி, போர்ட்டிகோவும் உண்டு என்றால் டி.ஏ. வாங்குங்கள். யாரேனும் பழைய கதவோ பானெட்டோ தந்தால் அதில் பழகுங்கள். பழைய பேனல் எந்தப் பட்டறை மூலையிலும் கிடக்கும்.

இடித்து மறுபெயிண்ட் அடித்த பேனல், அதில் தாள் கோடு அல்லது தூசிக் குருணை என்றால் அதே பட்டறையில் ரோட்டரி. அது அவர்கள் வேலை. புதுப் பெயிண்ட் நன்றாக ஆறிய பிறகு செய்யச் சொல்லுங்கள். முழு வண்டிக்கும் வட்டக் கோடு எடுக்க ரோட்டரியை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன், முன்னே சொன்ன மாதிரி கேள்வி கேட்கிற ஆள் கிடைத்தால் தவிர.

வெள்ளை வண்டி, டாக்ஸி, பத்து வருடம் தாண்டியது, அல்லது வாங்கும்போதே இரண்டாம் கை, முந்தைய சரித்திரம் தெரியாது என்றால் கிளேஸ் போடுங்கள், மிச்சக் காசுக்கு டயர் பாருங்கள்.

## கோடு திரும்ப வராமல் இருக்க

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கழுவுகிற முறை மாறாவிட்டால் ஆறே மாதத்தில் வலை திரும்பிவிடும். குளக்கரையில் வண்டி கழுவுகிற இடத்தில் நின்று பார்த்தால் புரியும்: துணி தரையில் விழும், அதே துணி பானெட்டுக்குப் போகும். ஒரே பக்கெட்டில் சக்கரத்துக்கும் கூரைக்கும் முக்கி எடுப்பார்கள்.

காய்ந்த தூசியைத் தட்டுகிற கலர் பிரஷ்ஷை டிக்கியிலிருந்து எடுத்து வீசுங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சி மணலை ஓட்டுங்கள். பிறகு இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. கடலோரத்து போர் தண்ணீர் உப்பு என்றால் வெயிலில் காயவிடாதீர்கள். தண்ணீர்ப் பொட்டு பெயிண்டைக் கடித்துவிட்டால் அதை எடுக்கவும் இதே மெஷின்தான் வேண்டும். பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள்.

சர்வீஸுக்கு விடும்போது இலவச வாஷ் என்று ஒன்று வரும். காலையிலிருந்து எத்தனை வண்டி துடைத்த துணியோ அது. ஜாப் கார்டில் ‘வாஷ் வேண்டாம்’ என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.